லாயத்துப் பாய்கள்

வண்டி வாசலுக்கு வரும் முன்பே வாடை வந்துவிட்டது. டார்லா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தையும் மீறி அது உள்ளே வந்தது. பத்தொன்பது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த மூக்கு. புது மூத்திரமா, பழைய மூத்திரமா என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடும். இது பழையது. பல தடவை காய்ந்து, பல தடவை நனைந்தது.

கத்தியை வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவள் கணவன் வெண்டலும், அவன் தம்பி கிளின்ட்டும் இழுவண்டியின் பின்கதவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆறு ரப்பர் பாய்கள். ஒவ்வொன்றும் ஆறடி நீளம், நாலடி அகலம். ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மேல்பக்கம் கருப்பாக, ஈரமாக மின்னியது. சற்று முன்புதான் தண்ணீர் அடித்திருக்கிறார்கள்.

"புதுசு வாங்கத்தானே போன?" என்றாள்.

"ரப்பர் ரப்பர்தான், டார்லா. இதுக்குப் பழசு புதுசுன்னு ஒண்ணு கிடையாது. கிளின்ட் லாயத்துல சும்மா கிடந்தது."

"அப்ப நான் குடுத்த காசு?"

"இருக்கு."

வெண்டல் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கிளின்ட் திடீரென்று கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானான்.

ஜூன் மாதம் ஒரு கிழவரைக் குளிப்பாட்டும்போது அவர் வழுக்கினார். டார்லா விடாமல் பிடித்தாள். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் முதுகெலும்பில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது. நாலு மாதமாக வேலைக்குப் போகவில்லை. நவம்பர் நாலாம் தேதி லிங்கன் நகரத்தில் ஒரு சோதனை. ஐம்பது பவுண்டு பெட்டியைத் தரையிலிருந்து இடுப்புவரை பத்து தடவை தூக்க வேண்டும், பிறகு முப்பதடி சுமந்து போக வேண்டும். முடிந்தால் வேலை திரும்பக் கிடைக்கும். முடியாவிட்டால் வேலையும் போகும், அதோடு இன்சூரன்ஸும் போகும். கூரைகளுக்கு மழைநீர்க் குழாய் மாட்டும் வெண்டலுக்கு என்று தனியாக இன்சூரன்ஸ் கிடையாது. அவன் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அவள் முதுகில்தான் தொங்கியது.

முதுகுப் பயிற்சிக்குப் பிசியோவிடம் போக இன்சூரன்ஸில் பன்னிரண்டு தடவைதான் அனுமதி. பன்னிரண்டும் முடிந்துவிட்டது. "வீட்டிலேயே எடை தூக்குங்கள். வழுக்கும் தரையில் மட்டும் நிற்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் அந்தப் பெண். கராஜ் தரை வழவழப்பான சிமென்ட், வாசல் பக்கம் லேசான சரிவு வேறு. அந்த ஊரில் வீட்டில் எடை தூக்குகிற எல்லோரும் குதிரை லாயத்துக்கு விற்கிற பாயைத்தான் வாங்கிப் போடுவார்கள். ஜிம் சாமான் கடையில் விற்பதில் பாதி விலை. பண்ணைச் சாமான் கடையில் புதிதாக அடுக்கி வைத்திருப்பார்கள். டயர் வாடை அடிக்கும். ஒரு வாரம் வெயிலில் போட்டால் போய்விடும்.

டார்லா கராஜிலிருந்து ஒரு குறடை எடுத்து வந்தாள். மேலே கிடந்த பாயின் மூலையைக் கவ்வி மடக்கினாள்.

கீழ்ப்பக்கம் வரிவரியாகப் பள்ளம். தண்ணீர் ஓடுவதற்காக வைத்தது. அந்தப் பள்ளம் எல்லாம் மஞ்சளும் சாம்பலுமாக ஏதோ இறுகிப்போயிருந்தது. மூத்திரம், மண், மக்கிய வைக்கோல், குதிரை மயிர். சீவிய குளம்புத் துண்டு ஒன்று நகம் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைப் புழுக்கள் நாலைந்து வெளிச்சம் பட்டதும் நெளிந்தன.

அவள் மூலையை விட்டாள். பாய் தொப்பென்று விழுந்தது. அந்தக் காற்று முகத்தில் அடித்தது. கண் எரிந்தது.

"குதிரை என்ன திங்குது? புல்லும் ஓட்ஸும்தானே," என்றான் கிளின்ட். "நம்மளவிட சுத்தம்."

"அப்ப நீ நக்கு."

கிளின்ட் சிரித்தான். வெண்டல் சிரிக்கவில்லை.

"கீழ்ப்பக்கம் கீழதான் இருக்கப்போவுது. அத யாரு பாக்கப்போறா?"

"திருப்பிக் கொண்டு போ."

"நாலாம் தேதிக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. நீ இன்னும் வெறும் எடைக் கம்பியக்கூடத் தொடல. நான் சுரண்டிக் கழுவித் தரேன். நீ குனியவே வேண்டாம்."

இருபத்தைந்து நாள் என்பது உண்மை. அவள் உள்ளே போய் வெங்காயத்தைக் குப்பையில் கொட்டினாள். இனி அதைத் தின்ன முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வெண்டல் வாசலில் உட்கார்ந்தான். சுவரில் பெயின்ட் சுரண்டுகிற தகட்டால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டினான். அது பட்டை பட்டையாக உரிந்து வந்தது. வெதுவெதுப்பான சீஸ் மாதிரி. அதை வாளியில் போட்டான். மத்தியானம் கையுறையைக் கழற்றி, அதே பாய் அடுக்கின் மேல் உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச் தின்றான். ரொட்டியில் அவன் விரல் பதிந்தது. சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டார்லா திரையை இழுத்து மூடினாள்.

எதிர் வீட்டு மார்வின் நாயோடு நின்றார்.

"கன்னுக்குட்டி ஏதாவது வளக்கறீங்களா?"

"ஜிம் போடறோம், மார்வின். டார்லாவுக்கு."

"ஓ," என்றார் மார்வின். நாய் அவசரமாக வந்து கடைசிப் பாயை முகர்ந்தது. காலைத் தூக்கி அதன் பங்கையும் சேர்த்துவிட்டுப் போனது.

வெண்டல் வினிகர் ஊற்றினான். சோடா மாவு தூவினான். ஹோஸ் வைத்து அடித்தான். காப்பிக் கலரில் தண்ணீர் தெருவோரம் ஓடியது. திங்களும் செவ்வாயும் தூறல். பாய்கள் வாசலில் நனைந்து கிடந்தன. புதன்கிழமை டார்லா டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் வெண்டல் அவற்றைப் போட்டுவிட்டான்.

நன்றாகப் போட்டிருந்தான். அதை அவளால் மறுக்க முடியவில்லை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. கராஜின் நடுத்தூணைச் சுற்றி வட்டமாக வெட்டி, இடைவெளியே தெரியாமல் பொருத்தியிருந்தான். இந்த ரப்பரை ஒரே இழுப்பில் வெட்ட முடியாது. கோடு போட்டு, அடியில் கட்டை கொடுத்து, வெட்டு வாய் திறக்கத் திறக்க சோப்புத் தண்ணீர் விட்டு, நாலைந்து தடவை கத்தியை இழுக்க வேண்டும். தூண் பக்கம் மட்டும் மூன்று பிளேடு ஒடிந்ததாம். மூலைகளைச் சுத்தியலால் தட்டிச் சேர்த்திருந்தான். காலை வைத்தால் அசையவில்லை. நடுவில் எடைக் கம்பியும் தட்டுகளும் ஒழுங்காக இருந்தன.

"எப்படி?" என்றான். அவன் முகம் பிரகாசமாக இருந்தது.

வெளியே குளிர். கராஜ் கதவை மூடி ஹீட்டரைப் போட்டிருந்தான். சூடு ஏற ஏற, ஈரம் போகாத கீழ்ப்பக்கத்திலிருந்து அது எழுந்து வந்தது. இணைப்புகள் வழியாக வந்தது. சமையலறைக் கதவுக்கடியில் நுழைந்தது. இரவுச் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்கூடையின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

"நாறுது, வெண்டல்."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குத்தான் மூக்கே இல்லையே."

அது சரிதான். கொரோனா வந்து போன பிறகு அவனுக்கு எந்த வாடையும் தெரிவதில்லை. கெட்டுப்போன பாலைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பான்.

"அதான் சொல்றேன். ரெண்டு நாள்ல பழகிடும்," என்றான். "நீ பாக்காத மூத்திரமா?"

டார்லா முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதே மேசையில்தான் அவன் முகத்தைத் திருப்பினான். "உன் மேல அந்த வாடை வருது, சாப்பிட முடியல" என்றான். அவள் அப்போது முப்பத்தாறு வயதுக்காரி. மறுநாளிலிருந்து கராஜிலேயே உடையைக் கழற்றி அங்கிருந்த வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, குளித்த பிறகுதான் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். ஜனவரியிலும் அப்படித்தான். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு, பனிக்காற்று கதவிடுக்கில் விசிலடிக்க, பத்தொன்பது வருடம். அவன் ஒரு தடவைகூட ஹீட்டரைப் போட்டு வைத்ததில்லை.

இப்போது போட்டு வைத்திருக்கிறான்.

வியாழக்கிழமை கம்பியின் முன்னால் நின்றாள். எடை தூக்குவதற்குக் கையைவிட மூச்சுதான் முக்கியம். வயிறு நிறைய இழுத்து, அடைத்து, வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டு அப்புறம் தூக்க வேண்டும். அந்தக் காற்றுதான் முதுகைத் தாங்கும். பிசியோ பெண் அதை மட்டும் நூறு தடவை சொல்லியிருந்தாள்.

டார்லா குனிந்து கம்பியைப் பிடித்தாள். மூச்சை இழுத்தாள். பாதியில் தொண்டை மூடிக்கொண்டது. வாயால் இழுத்தாள். நாக்கில் உப்பும் கசப்பும் பட்டது. அரை மூச்சோடு தூக்கினாள். முதுகில் பழைய இடம் முனகியது.

இல்லத்தில் மோசமான அறைக்குள் போகும்போது மூக்குக்கடியில் மென்தால் தைலம் தடவிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அதைத் தடவிக்கொண்டு வந்தாள். மென்தாலும் மூத்திரமும் கலந்து ஒரு மிட்டாய் வாடை வந்தது. அது இன்னும் மோசம். மூன்று தடவை தூக்கினாள். நாலாவது தடவை குமட்டியது. வயிற்றில் அடைத்த காற்று வாய்வழியாகப் போயிற்று. கம்பி முழங்கால் உயரத்தில் இருக்கும்போது முதுகு சுரீரென்று பிடித்தது. கம்பியை விட்டுவிட்டு முழங்காலில் விழுந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள்.

கன்னம் ரப்பரில் பட்டது. கண்ணுக்கு நேராக இணைப்பு. கத்தியால் வெட்டியது தெரியாத அளவுக்குச் சுத்தமான இணைப்பு. கம்பி விழுந்த அதிர்ச்சியில் அதிலிருந்து பழுப்பாக ஒரு துளி மேலே வந்து நின்றது. எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அது அவள் மூக்கிலிருந்து நாலு விரல் தள்ளி அங்கேயே இருந்தது.

அன்று மூன்று தடவை குளித்தாள். கன்னம் சிவந்துபோகும்வரை தேய்த்தாள். ராத்திரி வெண்டல் அந்தக் கன்னத்தைத் தொட வந்தபோது தலையைத் தலையணைக்கு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் படுத்துக் கிடந்து எழுந்த பிறகு கிளின்ட்டின் லாயத்துக்குப் போனாள். பாயை வந்து எடுத்துப் போ என்று சொல்லத்தான் போனாள். வெண்டலிடம் சொல்லிப் பயனில்லை.

பன்னிரண்டு குதிரைகள் நிற்கிற லாயம். குதிரை எல்லாம் லிங்கனில் இருக்கிற பணக்காரர்களுடையது. மாதாமாதம் கட்டணம் கட்டி இங்கே விட்டிருக்கிறார்கள். கிளின்ட் ஒரு கருப்புப் பெண்குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்துக் குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். குளம்பின் நடுவில் ஊதா மருந்து.

"வா, டார்லா. தள்ளி நில்லு, டச்சஸ் புது ஆளப் பாத்தா உதைப்பா."

"கால்ல என்ன?"

"அழுகல். ஈரத்துலயே நின்னா இப்படித்தான் ஆவும். இப்ப பரவால்ல. பாய் மாத்தினதுலேருந்து காய ஆரம்பிச்சிடுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காலைக் கீழே விட்டான்.

டார்லா டச்சஸின் அறைக்குள் பார்த்தாள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. மரச்சீவல் தூவியிருந்தது. செருப்பு நுனியால் சீவலைத் தள்ளினாள். கீழே புத்தம்புது ரப்பர். மூலையில் பண்ணைச் சாமான் கடையின் வெள்ளைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆறா?" என்றாள்.

"ஆறு."

"என் காசு."

"வெண்டல் சொல்லலியா?" கிளின்ட் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டான். "இந்தக் குதிரை ஒரு பல் டாக்டர் பொண்டாட்டியோடது. நாறுது, குளம்பு அழுகுது, வேற எடத்துக்குக் கொண்டு போயிடுவேன்னு சத்தம் போட்டுட்டுப் போச்சு அந்தம்மா. அதுக்கு மறுநாளே வெண்டல் புதுப் பாயோட இந்தப் பக்கமா வந்தான். நான் கேக்கல, டார்லா. சத்தியமா நான் கேக்கல. அவனா சொன்னான், இத நீ வச்சுக்கோ, அத நான் எடுத்துக்கறேன்னு."

"வேற என்ன சொன்னான்?"

"என்னத்தச் சொன்னான்."

"சொல்லு, கிளின்ட்."

கிளின்ட் குதிரையின் கழுத்தைத் தடவினான். "டார்லாவுக்கு இதெல்லாம் பழக்கம்னு சொன்னான்."

டச்சஸ் தலையை ஆட்டியது. அதன் மேல் வாடையே இல்லை. வைக்கோலும் மரமும் வெயிலில் காய்ந்த தோலும்தான். டார்லாவுக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. வயிற்றைப் புரட்டியது வெண்டலின் முகம். அது பிரகாசமாக, எப்படி என்று கேட்டுக்கொண்டு நின்றது.

"காலையில குதிரைங்கள எத்தன மணிக்கு மேய விடற?"

"ஏழுக்கு."

"நாளைக்கு ஏழு மணிக்கு வரேன். வண்டில கம்பி இருக்கும். நீ எறக்கணும். இவ ரூமப் பெருக்கி வை."

"எதுக்கு?"

"தூக்கறதுக்கு."

"இங்கயா? பல் டாக்டர் பொண்டாட்டி வந்துட்டா?"

"வந்தா என்கிட்ட அனுப்பு. இது என் பாய்."

கிளின்ட் குதிரையின் கயிற்றைக் கையில் சுற்றினான்.

"வெண்டலுக்கு என்ன சொல்ல?"

"கேட்டா சொல்லு."

மறுநாள் கிளின்ட் அறையைப் பெருக்கி, தண்ணீர் அடித்து, துணியால் துடைத்தும் வைத்திருந்தான். கம்பியை இறக்கி வைத்துவிட்டு வாளியோடு மறைந்துபோனான். டார்லா சீட்டு ஒட்டியிருந்த மூலைக்குப் பக்கத்தில் நின்றாள். குனிந்தாள். மூச்சை இழுத்தாள். புது ரப்பரின் டயர் வாடை, மரச்சீவல், எங்கோ தள்ளி ஈரச் சாணி. மூச்சு தடங்கல் இல்லாமல் அடிவயிறுவரை போயிற்று. அடைத்தாள். தூக்கினாள். வெறும் கம்பிதான். முதுகு சும்மா இருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாள். இரண்டாவது வாரம் பல் டாக்டரின் மனைவி ஒரு காலையில் வந்துவிட்டாள். வெள்ளைக் காற்சட்டை, முழங்கால்வரை பூட்ஸ். தன் குதிரையின் அறையில் வியர்வையோடு கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"நீங்க இங்க வேல பாக்கறீங்களா?"

"இல்ல," என்றாள் டார்லா. "இன்னும் நாலு தடவை இருக்கு. வெளிய நில்லுங்க."

அவள் வெளியே நின்றாள்.

வீட்டில் டார்லா எதுவும் கேட்கவில்லை. கராஜ் பக்கம் போகவில்லை. சமையலறைக் கதவுக்கடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தாள். மேசையில் வெண்டல் மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. முன்பும் அப்படித்தான் மென்றிருப்பான். இப்போதுதான் கேட்டது. அவன் மீன் வறுவலைக் கையால் எடுத்தால் அந்தத் தட்டிலிருந்து அவள் அதற்குப் பிறகு எதையும் எடுப்பதில்லை. ஒரு நாள் இன்சுலின் ஊசி குத்திக்கொண்டு, பஞ்சை மேசையிலேயே போட்டுவிட்டுப் போனான். இல்லத்தில் அந்த மாதிரி ஆயிரம் பஞ்சை எடுத்துப் போட்டிருக்கிறாள். இதை எடுக்கக் கை போகவில்லை. இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

நாலாம் தேதி லிங்கனுக்கு வெண்டல்தான் வண்டி ஓட்டினான். கூட வருவேன் என்று அடம்பிடித்தான்.

சோதனை அறையில் கையில் அட்டையோடு ஒரு ஆள் இருந்தான். நீலப் பெட்டி. இரண்டு பக்கமும் பிடி. "அவசரமில்ல. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடலாம்" என்றான். அவன் மேல் சோப்பு வாடை. டார்லா குனிந்தாள். இழுத்தாள், அடைத்தாள், தூக்கினாள். ஒன்று. ஏழாவதில் தொடை நடுங்கியது. எட்டாவதில் பழைய இடம் தன்னை நினைவுபடுத்தியது. அவள் மூச்சை விடவில்லை. பத்து. பிறகு பெட்டியோடு முப்பதடி நடந்தாள். கோட்டைத் தாண்டி இன்னும் இரண்டடி நடந்து வைத்தாள்.

அந்த ஆள் கையெழுத்துப் போட்டு ஒரு படிவம் நீட்டினான். வேலைக்குத் திரும்புவதற்கான படிவம். இரண்டாவது பக்கத்தில் இன்சூரன்ஸ். அவள் பெயர். அதற்குக் கீழே கணவரின் பெயர் என்று ஒரு கோடு. பேனா அங்கே நின்றது. எதிரே சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் இரண்டு நிமிடம் நகர்ந்தது. பிறகு எழுதினாள். யாருடையது என்று பாராமல் பத்தொன்பது வருடம் துடைத்துச் சுத்தம் செய்த கை அது. எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

வண்டியில் வெண்டல் காத்திருந்தான்.

"என்னாச்சு?"

"பாஸ்."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டினான். வண்டியைக் கிளப்பினான். நெடுஞ்சாலை வரும்வரை ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். சோள வயல்கள் அறுத்து முடிந்து மொட்டையாகக் கிடந்தன.

"கிளின்ட் சொன்னான்," என்றான். "நீ அங்க போய்த் தூக்கினதெல்லாம். எனக்குப் போன வாரமே தெரியும். நான் ஒண்ணும் கேட்டுக்கல பாத்தியா?"

டார்லா சன்னல் பொத்தானில் விரலை வைத்தாள்.

"எங்க தூக்கினா என்ன? நம்ம பாய் மேலதானே தூக்கின. கூட்டிக் கழிச்சுப் பாரு. குதிரைக்கும் கால் சரியாப் போச்சு, உனக்கும் முதுகு சரியாப் போச்சு. நான் வாங்கினதுதானே எல்லாம்?"

அவள் தன் பக்கத்துச் சன்னலை இறக்கினாள். முழுக்க இறக்கினாள். காற்று கத்தி மாதிரி உள்ளே வந்தது.

"டார்லா, குளிருது."

"தெரியும்."

"மூடேன்."

அவள் முகத்தை வெளியே நீட்டி வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். வீடு வர இன்னும் நாற்பது மைல் இருந்தது. சன்னல் திறந்தேயிருந்தது.